பிரசவ வார்டுக்கு நாலு ஸ்டார்

ஐந்துக்கு நாலு போட்டிருக்கிறேன். கழிப்பறைக்கு அரை, ஒரு வார்த்தைக்கு அரை, ஆக ஒன்று கழித்தாயிற்று. அந்த வார்த்தை என்ன என்பது பின்னால் வரும்.

எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள். தென்மாவட்டம் ஒன்றில் இருக்கிற பெரிய அரசு ஆஸ்பத்திரி, சீமாங் மையம், அதாவது அவசரப் பிரசவமும் பச்சிளங்குழந்தைச் சிகிச்சையும் பார்க்கிற மையம் உள்ளது. அவ்வளவு போதும். பெயரைப் போட்டால் முதலில் மெமோ வாங்கப்போவது அன்று ராத்திரி டூட்டியில் இருந்த பிள்ளைகள்தான். அவர்களைப் பற்றி நல்லதுதான் நிறையச் சொல்லப்போகிறேன். ஆனால் பத்து வரி நல்லதைத் தாண்டிப் போய் ஒரு வரி குறையை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போடுகிற அதிகாரிகளை 33 வருடம் பார்த்தவள் நான்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். ஊரில் நர்ஸம்மா. லாந்தர் வெளிச்சத்தில் வீட்டுப் பிரசவம் பார்த்ததில் தொடங்கி, கடைசி வருடங்களில் பிக்மி நம்பர் (கர்ப்பிணிக்குக் கம்ப்யூட்டரில் போடுகிற பதிவு எண்) ஏறவில்லை என்று கம்ப்யூட்டர் முன்னால் கண்ணீர்விட்டது வரை எல்லாம் பார்த்தாயிற்று. போன மாசியில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். முதல் தடவையாக வெள்ளைச் சேலை இல்லாமல் பிரசவ அறைக்குள் போய் ஓரமாக நின்றேன். கை பரபரக்க நின்றேன் என்பதுதான் சரி.

மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை, இன்சூரன்ஸ் இருக்கிறது. "இன்சூரன்ஸ் இருக்கும்போது எதுக்கு அத்தை ஜி.எச்.?" என்றார். கேட்டது நியாயம்தான். அதனால் எட்டாம் மாதம் பக்கத்து டவுனில் ஒரு நர்ஸிங் ஹோமுக்கும் போய்ப் பார்த்தோம். அதன் பெயரும் வேண்டாம். வாசலில் மீன் தொட்டி, உள்ளே ஏ.சி., சுவரில் சுகப்பிரசவத்துக்கு இவ்வளவு, சிசேரியனுக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் போர்டு. ரூம் நன்றாகவே இருந்தது. குளியலறையில் வெந்நீர் வந்தது, குறை சொல்வதற்கில்லை.

நான் மூன்று கேள்வி கேட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க டாக்டர் எங்கே இருப்பார்? திடீரென்று ரத்தம் வேண்டுமென்றால் எங்கிருந்து, எத்தனை நிமிடத்தில் வரும்? பிறந்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால் முதல் ஒரு நிமிடம் பையும் மாஸ்க்கும் பிடித்து மூச்சு கொடுக்கப்போவது யார்? ரிசப்ஷனில் இருந்த பெண் மூன்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள்: "கூப்பிட்டா வந்துருவாங்கம்மா." வந்துவிடுவார்கள்தான். வண்டியை எடுத்து, ரயில்வே கேட்டைத் தாண்டி வந்துவிடுவார்கள். குழந்தையின் மூளை அதுவரைக்கும் காத்திருக்காது.

கிளம்பும்போது அந்தப் பெண்ணே கேட்டாள், "நாள் நட்சத்திரம் ஏதும் பாத்திருக்கீங்களா?" என் சம்பந்தியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ரோகிணியில் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று அவர் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். தனியாரை மட்டும் எடுத்தால் 64. வேண்டிய இடத்தில் சிசேரியன் உயிர் காக்கிறது, அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் அந்த 64-இல் எத்தனை வயிறு பஞ்சாங்கத்துக்காகக் கிழிபட்டது என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

சரி, ஜி.எச். என்று முடிவாயிற்று. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குப் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது, பச்சை இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் புடவையே மாற்றினேன். தெருவில் ஆட்டோ நின்றதால் 108-ஐக் கூப்பிடவில்லை. பன்னிரண்டேகாலுக்கு ஆஸ்பத்திரி. கேட்டில் கேள்வி, சீட்டு, வரிசை எதுவும் இல்லாமல் நேராகப் பிரசவ வார்டு. பத்து நிமிடத்துக்குள் பி.பி., நாடி, ஜுரம் பார்த்தார்கள், சிறுநீரில் உப்பு, அதாவது புரதம், இறங்குகிறதா என்று பார்த்தார்கள், வயிற்றில் டாப்ளரை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணினார்கள். அட்டையைப் புரட்டிய சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "ஹீமோகுளோபின் கடைசியா எவ்வளவு?" அப்போதே அந்தப் பெண் எனக்குப் பிடித்துப்போனாள்.

ஏன் என்று சொல்கிறேன். ஏழாம் மாதத்தில் என் மகளுக்கு 8.9. நர்ஸ் வீட்டுப் பிள்ளைக்கே இந்த லட்சணம். இரும்புச் சத்து மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள், கழுதை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அயர்ன் சுக்ரோஸ் ட்ரிப்ஸ் ஏற்றி, அட்மிஷன் அன்று 10.8-க்குக் கொண்டுவந்திருந்தோம். ரத்தம் ஏற்கெனவே குறைவாக உள்ளவளுக்கு அரை லிட்டர் போனால், நல்ல ரத்தம் உள்ளவளுக்கு ஒரு லிட்டர் போன மாதிரி. பிரசவ அறையில் நடக்கிற விபத்தில் பாதி அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே வீட்டில் ஆரம்பித்துவிடுகிறது.

உடன் ஒருவர் இருக்கலாம் என்றார்கள். பிரசவித்த அனுபவம் உள்ள பெண் உறவினர் ஒருவர். இந்த ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2004-லிருந்து காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தில் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பல இடங்களில் 'கூட்டமா இருக்கு, வெளிய நில்லுங்க' என்று துரத்திவிடுவார்கள். இங்கே துரத்தவில்லை. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையில் திரை போட்டிருந்தார்கள். மகளின் தலைமாட்டில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

உட்கார்ந்ததும் நான் தேடியது சுவர்க் கடிகாரத்தை. சிரிக்காதீர்கள். நின்று போன கடிகாரம் உள்ள பிரசவ அறைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். குழந்தை பிறந்த நேரத்தை ஆயாவின் கைக்கடிகாரத்தைக் கேட்டு எழுதுவார்கள். இங்கே கடிகாரம் ஓடியது, அதுவும் விநாடி முள்ளோடு. சிஸ்டரின் கைக்கடிகாரத்துக்கும் அதற்கும் ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை.

அடுத்தது பார்ட்டோகிராஃப். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பிரசவ வலியில் இருக்கிற பெண்ணுக்கு ஒரு கட்டம் போட்ட தாள். கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, பத்து நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது, குழந்தையின் துடிப்பு எவ்வளவு என்று நேரப்படி புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். பழைய தாளில் 4 சென்டிமீட்டரில் தொடங்கி மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று ஒரு கோடு இருக்கும். நம் புள்ளி அந்தக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனால் விழித்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் புதுத் தாள் கொண்டுவந்தது. அதில் 5 சென்டிமீட்டரிலிருந்துதான் கணக்கு. எல்லாப் பெண்ணுக்கும் மணிக்கு ஒன்று என்று திறந்துகொள்ளாது என்பதையும் ஒத்துக்கொண்டார்கள். கிராமத்து மருத்துவச்சி பாட்டிகளைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள், போகட்டும்.

இந்தத் தாளில் ஒரு ரகசியம் உண்டு. முக்கால்வாசி இடத்தில் பிரசவம் முடிந்து, டீ குடித்து, அப்புறம்தான் உட்கார்ந்து அழகாகக் கோடு போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே அழுத்தம், புள்ளிகளெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கும். அன்று என் மகளின் தாளைப் பார்த்தேன். கட்டில் காலில் நூலால் கட்டிய பேனா. ஒரு புள்ளி நீலம், இரண்டு புள்ளி கறுப்பு, ஓரத்தில் கையுறை ஈரம் பட்டுக் கலங்கிய எழுத்து. ஓர் இடத்தில் 138 என்று எழுதி அடித்து 146. எனக்கு அந்த அடித்தல்தான் ரொம்பப் பிடித்தது. அரை மணிக்கு ஒரு தடவை எண்ணினால்தான் அடித்தல் திருத்தல் வரும்.

இரண்டரை மணிக்கு 5 சென்டிமீட்டர். நாலு மணிக்கும் அதே 5. மகள் என் கையைப் பிறாண்டினாள். "ஆபரேஷன் பண்ணச் சொல்லும்மா, என்னால முடியல." அந்தக் கட்டத்தில் எல்லாப் பெண்ணும் சொல்வதுதான். பழைய வார்டாக இருந்தால் இந்நேரம் வலி ஊசியை, அதாவது வலியைக் கூட்டுகிற மருந்தை, பாட்டிலில் கலந்து மாட்டிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்கள். சொட்டு வேகத்தை யார் வேண்டுமானாலும் திருகுவார்கள். ஆயா திருகிப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கர்ப்பப்பை தளர்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் குழந்தைக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேரும். பத்து நிமிடத்தில் ஐந்து வலிக்கு மேல் வந்தால் குழந்தை உள்ளே திணறுகிறது என்று பயப்பட வேண்டும். வெளியே 'நல்ல வலி வருது, சீக்கிரம் ஆயிரும்' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள். பிறந்த குழந்தை அழாமல் துவண்டு கிடக்கிற கதைகள் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு பாட்டில் தொங்கும்.

டூட்டி டாக்டர் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும், தூக்கம் கண்ணில் நின்றது. தாளைப் பார்த்தார், துடிப்பைக் கேட்டார், "பேபி நல்லா இருக்கு, எழுந்து நடக்கச் சொல்லுங்க, அவசரம் இல்ல" என்றார். நடந்தாள். இடது பக்கம் படுத்தாள். ஐந்தரைக்கு 7. வலி ஊசியே தேவைப்படவில்லை.

இதற்கு நடுவில், மூன்று மணி வாக்கில், திரைக்கு அந்தப் பக்கம் நடந்ததுதான் நான் இதை எழுதவே காரணம்.

பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னை டாக்டர் சேஷையா முன்வைத்த சோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்திருக்கிறது அல்லவா, சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டால் சர்க்கரை என்று, அதில் மாட்டிய பெண். சர்க்கரை இருந்தால் குழந்தை பெரிதாகும், அதிலும் தோள் அகலமாகும். முக்கினாள், தலை வந்தது. வந்த தலை, ஆமை கழுத்தை இழுத்துக்கொள்வது மாதிரித் திரும்பவும் உள்ளே இழுத்துக்கொண்டது. திரை ஓரமாகப் பார்த்த எனக்கு அடிவயிறு சில்லிட்டது.

"தோள் மாட்டிருச்சு. டைம்?"

"மூணு பதினேழு."

யாரும் கத்தவில்லை. கூப்பிடாமலே நாலு பேர் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்து முட்டி நெஞ்சைத் தொடும் அளவுக்கு மடக்கினார்கள். மூன்றாவது சிஸ்டர், ஒல்லியான பெண், ஸ்டூலில் ஏறி உள்ளங்கையின் அடிப்பகுதியை அடிவயிற்றில், பூப்பெலும்புக்குச் சற்று மேலே, சரியாக அந்த இடத்தில் வைத்து ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினாள். மேல்வயிற்றை யாரும் தொடவில்லை. தலையை யாரும் இழுக்கவில்லை. "முக்காதீங்க, மூச்ச மட்டும் விடுங்க" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருத்தி அரை நிமிடத்துக்கு ஒரு தடவை நேரத்தை உரக்கச் சொன்னாள். "ஒரு நிமிஷம்." "ஒன்றரை." தோள் கழன்றது, குழந்தை வந்தது, துடைத்ததும் அழுதது. 4 கிலோ 100.

குழந்தை அழுதது மட்டும் எனக்குப் போதவில்லை. வார்மரில் போட்ட குழந்தையை எட்டி எட்டிப் பார்த்தேன். குழந்தை டாக்டர் தலையைக் கொஞ்சம் தூக்கிச் சட்டென்று தளர்த்தியபோது, இரண்டு கையும் ஒன்றாக விரிந்து மேலே போனது. இரண்டும்.

1993-இல் நான் பார்த்தது அப்படி இல்லை. ஒரு சின்ன மையம், மழைக்கால ராத்திரி, இதே மாதிரி பெரிய குழந்தை, இதே மாதிரி தலை உள்ளே இழுத்தது. டாக்டர் தலையைப் பிடித்து இழுத்தார். "மேல இருந்து அழுத்து" என்று என்னிடம் கத்தினார். ஏறி நின்று முழங்கையை மேல்வயிற்றில் ஊன்றி, என் எடை முழுவதையும் போட்டு அழுத்தினேன். எலும்புக்குப் பின்னால் மாட்டியிருக்கிற தோளை மேலே இருந்து அழுத்தினால் இன்னும் இறுகத்தான் செய்யும், அதே நேரத்தில் தலையை இழுத்தால் கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்பு கயிறு மாதிரி முறுகும் என்று அப்போது எனக்குச் சொல்லித் தந்தவர் இல்லை. மேல்வயிற்றைப் பிடித்து அழுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. இன்றைக்கும் அழுத்துகிற இடங்கள் உண்டு.

குழந்தை பிழைத்தது. வலது கை மட்டும் தொங்கியது. முழங்கை நீட்டி, உள்ளங்கை பின்பக்கம் பார்த்து. பாடப் புத்தகத்தில் இதற்கு, யாருக்கும் தெரியாமல் பின்னால் கை நீட்டி மாமூல் வாங்குகிற போலீஸ்காரர் கை என்று பெயர். படிக்கும்போது சிரித்தோம். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதத்தில் சரியாகிவிடும். இவனுக்கு முக்கால்தான் சரியாயிற்று. இப்போது எங்கள் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருக்கிறான். இடது கையால்தான் தலை வாருவான். என் போனுக்கு ஸ்க்ரீன் கார்டு போட்டால் காசு வாங்க மாட்டான். "நீங்கதான நர்ஸம்மா என்னைய வெளிய எடுத்தீங்க" என்பான். அவனிடம் நான் எதையும் சொன்னதில்லை.

சரி, என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஏழே முக்காலுக்குப் பெண் குழந்தை, 3 கிலோ 50. சிறப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் சிறப்பு. வெட்டு போடவில்லை. தலைப்பிரசவம் என்றாலே கத்தரி எடுப்பது எங்கள் காலத்து வழக்கம். இங்கே வெந்நீரில் நனைத்த துணியைக் கீழே வைத்து, தலை வரும்போது ஒரு கை தலையைத் தடுத்து மெதுவாக விட, இன்னொரு கை சதையைத் தாங்கியது. சின்னக் கிழிசல், நாலு தையல். தையலுக்கு அப்புறம் மலத்துவாரத்தில் விரல் விட்டுப் பார்த்தார்கள். மகள் கூச்சப்பட்டாள். கிழிசல் அதுவரை போயிருந்தால் அங்கேயே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் தைத்து அனுப்பி, வருடக்கணக்கில் காற்றும் மலமும் அடக்க முடியாமல், கல்யாண வீட்டுக்குக்கூடப் போகாமல், புருஷனிடம்கூடச் சொல்லாமல் இருக்கிற பெண்களை என் ஏரியாவிலேயே எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி எழுத எந்த ரிஜிஸ்டரிலும் கட்டம் கிடையாது.

குழந்தையைத் தாய் வயிற்றில் போட்டு, கொடியை உடனே வெட்டாமல் துடிப்பு அடங்கும்வரை விட்டார்கள். பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் ஆக்ஸிடோசின் 10 யூனிட், கர்ப்பப்பையைச் சுருக்கி ரத்தப்போக்கைத் தடுக்கிற ஊசி. அந்த மருந்தை ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து வந்ததைப் பார்த்தேன். வெயிலில் ஜன்னல் திட்டில் கிடந்த ஊசியைப் போட்டுவிட்டு 'ஏன் ரத்தம் நிக்கல' என்று கேட்கிற கூத்தும் உண்டு.

எனக்குப் புதிதாக இருந்தது ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. இடுப்புக்குக் கீழே விரித்து, அதன் பை கட்டிலுக்குக் கீழே தொங்கும். பையில் மில்லி கோடு போட்டிருக்கும். நாங்கள் 'ரெண்டு பேட் நனைஞ்சிருக்கு' என்று கண்ணால் அளந்தவர்கள். கண் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்லும். 2023-இல் முடிவு வந்த ஓர் ஆய்வில், கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா நாலு நாட்டிலும் இந்தப் பையில் அளந்து, கோட்டைத் தாண்டினதும் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கிப் பார்த்தார்கள். ஆபத்தான ரத்தப்போக்கு 60 சதவீதம் குறைந்தது. கர்ப்பப்பையைத் தேய்ப்பது, ஊசி, ட்ரிப்ஸ், ரத்தப்போக்கைக் குறைக்கிற ட்ரானெக்ஸாமிக் அமிலம், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது, எல்லாம் நமக்குத் தெரிந்த வைத்தியம்தான். நேரத்தோடு ஆரம்பித்ததுதான் வித்தியாசம். மகளின் பையில் 280. சிஸ்டர் அதையும் நேரம் போட்டு எழுதினாள்.

சுவரில் உலக சுகாதார நிறுவனத்தின் 29 அம்சப் பாதுகாப்பான பிரசவச் செக்லிஸ்ட் ஒட்டியிருந்தது. முதலில் கர்நாடகத்துப் பெலகாவியில் வைத்துப் பார்த்த பட்டியல் அது. அதன்பின் உத்தரப் பிரதேசத்தில் 120 அரசு மையங்களில், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தாய்மார்களிடம் பெரிய அளவில் சோதித்தார்கள். நர்ஸுகளின் வேலை திருந்தியது, சாவு குறையவில்லை என்று 2017-இல் முடிவு வந்தது. எனக்கு ஆச்சரியமில்லை. பட்டியல் கை கழுவச் சொல்லும், குழாயில் தண்ணீர் விடாது. ஆள் கூப்பிடச் சொல்லும், ஆள் போடாது. இந்த வார்டிலும் அன்று ராத்திரி வலியில் ஆறு பேர், ஸ்டாஃப் நர்ஸ் மூன்று பேர். தோள் மாட்டிய அந்த ஒன்றரை நிமிடத்தில் என் மகள் கட்டிலில் நான் மட்டும்தான் இருந்தேன். இன்னொரு பெண்ணுக்கு அதே நேரத்தில் ரத்தம் போயிருந்தால்? கேள்வியை அப்படியே விடுகிறேன். பதில் அந்தப் பிள்ளைகளிடம் இல்லை.

இப்போது குறை. கழிப்பறை பற்றி என்ன எழுத? தையல் போட்ட பெண் குந்தி உட்கார வேண்டியிருக்கிறது. தாழ்ப்பாள் இல்லை, அதனால் வாசலில் ஒருத்தர் நிற்க வேண்டும். ஐநூறு ரூபாய் சமாச்சாரமும் உண்டு: "ஆம்பளப் பிள்ளைன்னா ஆயிரம், பொம்பளப் பிள்ளைதான, ஐநூறு குடுங்க பாட்டி" என்று ஆயா பின்பக்கமாகக் கையை நீட்டினார். அசல் பாடப் புத்தகக் கை. பேத்தியை அரை விலைக்கு மதிப்பிட்டதற்காகவே தரவில்லை.

அப்புறம் அந்த வார்த்தை.

காலை ஷிஃப்ட் மாறியதும், எதிர்க் கட்டிலில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வலியில் கத்தினாள். வயதான சிஸ்டர் ஒருவர் தாண்டிப் போகும்போது, "அப்ப இனிச்சுதா?" என்றார். எந்தப் பிரசவ வார்டிலும் கேட்கிற வார்த்தைதான். என் பிரசவத்தில் என்னிடமே கேட்டார்கள், நானும் நர்ஸ் என்று தெரிந்தே. அந்தப் பெண் வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் பிரசவத்துக்குப் பிந்திய வார்டில், மூலைக் கட்டிலில் அவளேதான், தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குழந்தை அழுகிறது, திரும்பவில்லை. போய்க் கேட்டேன். காலையிலிருந்து மண்டை பிளக்கிறதாம், கண் முன்னால் மினுக் மினுக் என்கிறதாம். "ஏம்மா சிஸ்டர்கிட்ட சொல்லல?"

"சொன்னா திட்டுவாங்க பாட்டி."

ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். பி.பி. 170/110. அதற்கப்புறம் அவர்கள் செய்ததில் பிழை சொல்ல முடியாது. வலிப்பைத் தடுக்கிற மெக்னீசியம் சல்பேட் நரம்பிலும் இரண்டு இடுப்பிலும் போட்டார்கள், பி.பி. மாத்திரை கொடுத்தார்கள், சிறுநீர்க் குழாய் வைத்தார்கள், மணிக்கொரு தடவை முட்டியில் தட்டிப் பார்த்தார்கள், மூச்சை எண்ணினார்கள். வலிப்பு வரவில்லை. பிரசவம் முடிந்த பிறகும் ஜன்னி, அதாவது இந்த வலிப்பு, வரும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. நாங்கள் கிளம்பும்போது எழுந்து உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வயதான சிஸ்டரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன், "ஏம்மா, நீ நேத்து சொன்னியே ஒரு வார்த்தை, அதனாலதான் அந்தப் பிள்ளை இன்னைக்கி வாயத் திறக்கல." முறைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே போய் அவளுக்கு பி.பி. பார்த்தார்.

மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். குழந்தைக்கு பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி மூன்றும் போட்டு அட்டையில் ஏற்றியிருந்தார்கள். 102 வண்டியில் வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள், டிரைவர் காசு கேட்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி எப்போது அக்கவுண்டில் ஏறும் என்று மாப்பிள்ளை தினமும் போனைப் பார்க்கிறார். இப்போது ஜி.எச்.-ஐப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேச விடமாட்டார்.

போகிறவர்கள் ஒரு வாளி, ஒரு மக், கொசுவலை, நைந்த வெள்ளைப் புடவை இரண்டு, ஃபிளாஸ்க் கொண்டுபோங்கள். கழிப்பறைக் கதவுக்கு ஒரு முழக் கயிறு. பிந்திய வார்டில் ஜன்னலிலிருந்து மூன்றாவது கட்டிலுக்கு மேலே இருக்கிற ஃபேன் மட்டும்தான் ஒழுங்காகச் சுற்றும். மூலைக் கட்டில் கிடைத்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், சிஸ்டர் மேசையிலிருந்து அது தெரியாது.